வீட்டு ஒலிக்கருவிகளை அளப்பதும் மதிப்பிடுவதும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, மண்டபம், இராமேசுவரம் என நம் கரையோர ஊர்களில், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைத்துத் திரும்பியவர்கள் ஆசையோடு வாங்கி வந்த உயர்விலை ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை அளந்து மதிப்புரை எழுதும் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அளவீட்டின் விதிகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. ஆனால் உப்புக்காற்றும், டைல்ஸ் பதித்த பெரிய கூடமும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் உள்ள இந்தக் கரையில் ஒரு கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியூர் மதிப்புரை எதுவும் நமக்குச் சொல்வதில்லை.

காதால் கேட்டுப் பார்த்து வாங்கினால் போதாதா? எதற்காக அளக்க வேண்டும்?

காது மிக நுட்பமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. கண் பார்த்த விலைச்சீட்டு, பெட்டியின் மெருகு, தூக்கிப் பார்த்தபோது தெரிந்த எடை ஆகிய எல்லாம் சேர்ந்துதான் "நன்றாக இருக்கிறது" என்ற முடிவு பிறக்கிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹர்மான் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே வைத்துக் கேட்டபோது ஒரு விதமாகவும், கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறு விதமாகவும் மதிப்பெண் இட்டார்கள். ஒலியில் தேர்ந்த பழக்கம் உடையவர்களுக்கும் கண்ணின் செல்வாக்கிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

ஒலியின் அளவும் நம்மை ஏமாற்றும். ஒலி குறையும்போது கீழ்ச்சுரங்களைக் கேட்கும் திறன் மற்றவற்றை விட வேகமாகக் குறைகிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டினார்கள். ஆகவே ஒரு ஆம்ப் மற்றொன்றை விட ஒரே ஒரு டெசிபல் (ஒலி அளவின் அலகு) உரக்க ஒலித்தாலும், கேட்பவர் அதை "உரக்க" என்று உணராமல் "செழுமை" என்றே உணர்வார். கடையில் இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஸ்பீக்கரின் அளவீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்பீக்கர் நேரே முன்னால் என்ன ஒலிக்கிறது, பக்கவாட்டில் என்ன ஒலிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேர்முகத்தில், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று வரைந்த கோடு ஏற்ற இறக்கம் இல்லாமல் செல்வது முதல் தகுதி. ஆனால் அறையில் நம் காதை அடையும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவது. பக்கவாட்டு ஒலி தாறுமாறாக இருந்தால் அந்தத் தாறுமாறும் இருக்கைக்கு வந்து சேரும். இதற்காகவே சிடிஏ-2034 என்ற அமெரிக்கத் தரமுறையில் ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒரு முறை, மொத்தம் 70 கோணங்களில் அளக்கிறார்கள். ஒரு மதிப்புரையில் நேர்முகக் கோடு மட்டும் அச்சிட்டிருந்தால் அதைப் பாதி அளவீடு என்றே கொள்க.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஆம்பிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை; அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். பின்பக்கம் "8 ஓம்" என்று ஒட்டியிருப்பது ஒரு பெயரளவு எண். 8 ஓம் என்று சொல்லும் ஸ்பீக்கர் எந்த அதிர்வெண்ணிலும் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி; 4 ஓமுக்கும் கீழே இறங்கும் விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் உண்டு. அப்படிப்பட்டதைச் சிறிய ஆம்பில் இணைத்தால் ஆம்ப் சூடேறும், பாதுகாப்புச் சுற்று இயங்கி நின்றுபோகும். பழியோ ஆம்பின் மேல் விழும்.

"சினாட்" எண் உயர உயர நல்ல ஆம்ப் என்கிறார்களே, உண்மையா?

ஓர் எல்லை வரை உண்மை. 1,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை உள்ளே செலுத்தி, வெளியே வருவதில் அந்தச் சுரம் நீங்கலாக மிஞ்சும் இரைச்சலும் திரிபும் எத்தனை டெசிபல் தாழ்ந்திருக்கின்றன என்று காண்பதே சினாட். 80 டெசிபல் என்றால் மிச்சம் 0.01 சதவீதம், 100 என்றால் 0.001, 120 என்றால் 0.0001. சிடியின் 16 பிட் பதிவு கோட்பாட்டளவில் தரக்கூடியதே சுமார் 98 டெசிபல்தான். ஓர் ஒன்பது அங்குல வூஃபர் கீழ்ச்சுரத்தை உரக்க ஒலிக்கும்போது அது தானே உண்டாக்கும் திரிபு 1 சதவீதத்தை எளிதில் தொடும். அதாவது வெறும் 40 டெசிபல். போதாக்குறைக்கு நம் வீட்டில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே 105 டெசிபல் காட்டும் டாக்கை (டிஜிட்டல் பதிவை மின்னலையாக மாற்றும் கருவியை) விட்டுவிட்டு 120 காட்டுவதற்காக மூன்று மடங்கு பணம் கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆனாலும் இந்த எண்ணைத் தூக்கி எறியவும் கூடாது. இலட்சக்கணக்கில் விலை வைத்த ஒரு கருவி 70 டெசிபலில் நின்றால், அதை வடிவமைத்தவர் எதையோ கவனிக்கவில்லை, அல்லது வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பது தெரிந்துவிடுகிறது. மிச்சம் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50-இலும் 100-இலும் முனை தெரிந்தால் அது ரீங்காரம். எர்த் இணைப்பையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சோதிக்க வேண்டும்.

100 வாட் ஆம்ப் எங்கள் ஊர் மின்சாரத்தில் 100 வாட் தருமா?

பழைய பாணியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் என்றால் தராது. அதன் உச்சத் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 100 வாட் தருவது 190 வோல்ட்டில் ஏறத்தாழ 68 வாட்தான் தரும். இழப்பு பெரிதாகத் தோன்றினாலும் காதுக்கு அது 1.7 டெசிபல் மட்டுமே. ஏனென்றால் ஒலி இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் திறன் பத்து மடங்காக வேண்டும். எனவே இரவு மின்னழுத்தம் இறங்கும்போது ஒலி சற்றுக் குறைவது கவலைக்கு உரியதன்று, ஆம்ப் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டுக் கரகரப்பதே கவலைக்கு உரியது. இதற்காகவே நான் ஒவ்வொரு ஆம்பையும் 230 வோல்ட்டிலும் 190 வோல்ட்டிலும் தனித்தனியே அளக்கிறேன். சுவிட்ச் மோட் மின்வழங்கி உள்ள புதிய ஆம்ப்களில், அந்த மின்வழங்கி தன் வெளியீட்டைச் சீராக வைத்திருப்பதாக இருந்தால், இந்த வேறுபாடு தெரிவதில்லை.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன்வேவ் இன்வெர்ட்டரே வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் கேட்கும். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் பிளக்கில் செருகவே கூடாது.

வால்வு ஆம்ப் இனிமையாகக் கேட்கிறது. உங்கள் அளவீடு அதைக் குறை சொல்கிறது. யார் சொல்வது சரி?

இருவரும் சரி. பல வால்வு ஆம்ப்களின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம் அளவுக்கு இருக்கும். அதனோடு, ஓர் இடத்தில் 4 ஓமும் வேறோர் இடத்தில் 16 ஓமும் காட்டும் ஸ்பீக்கரை இணைத்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 2.5 டெசிபல் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. இது தெளிவாகக் காதில் விழும் மாற்றம். அதாவது கேட்டவர் கற்பனை செய்யவில்லை. ஆம்ப் அந்த ஸ்பீக்கரின் குரலை மாற்றிவிட்டது. வேறு ஸ்பீக்கரோடு இணைத்தால் மாற்றம் வேறு இடத்தில் விழும், இனிமை போய்விடவும் கூடும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. என் மதிப்புரை அந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியும் எங்கள் கூடத்தில் பேச்சு தெளிவாக இல்லை, பாஸ் மட்டும் திமுதிமு என்கிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே முதன்மையானது. பதில் ஏறக்குறைய எப்போதும் அறைதான்.

கீழக்கரைப் பக்கம் காணும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, அகலம் 14 அடி, உயரம் 11 அடி. தரை டைல்ஸ், சுவர் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட் தளம். அறையின் கொள்ளளவு சுமார் 87 கன மீட்டர், எல்லாப் பரப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 122 சதுர மீட்டர். இந்தப் பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் 5 சதவீதத்தைத்தான் உறிஞ்சுகின்றன என்று கொண்டால், ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன் வகுத்த சூத்திரப்படி ஒலி 60 டெசிபல் தணிய 2.3 நொடி ஆகும். வீட்டில் இசை கேட்க அரை நொடிக்குள் இருப்பது நல்லது. ஒரு சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து சொற்கள் வந்துவிட்டால் எந்த ஸ்பீக்கரால் தெளிவைத் தர முடியும்?

அரை நொடிக்குக் கொண்டுவர 28 சதுர மீட்டர் அளவுக்கு முழு உறிஞ்சல் தேவை. கோரைப்பாய் விரித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய பாய் மேற்சுரங்களில் கொஞ்சம் உறிஞ்சும், மற்றபடி பயன் குறைவு. கனமான மடிப்புத் திரைச்சீலை, துணி உறையிட்ட சோபா, தடித்த ஜமுக்காளம், சுவரை ஒட்டி நிறுத்திய பஞ்சு மெத்தை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை உண்மையாகவே உதவும். நம் கரைக்கு இயற்கை கொடுத்த உதவியும் ஒன்று உண்டு. திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. சபைன் தம் கணக்குக்கு அலகாக எடுத்துக்கொண்டதே திறந்த ஜன்னலைத்தான். இரண்டு பெரிய ஜன்னல்களும் முற்றத்துக் கதவும் திறந்திருந்தால் ஐந்தாறு சதுர மீட்டர் உறிஞ்சல் செலவில்லாமல் கிடைக்கிறது. அதே வழியாக உப்பு உள்ளே வரும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாஸ் வேறு கதை. 32 பாகை செல்சியசில் ஒலி நொடிக்குச் சுமார் 351 மீட்டர் செல்கிறது. மேற்சொன்ன கூடத்தின் நீளம் 29 ஹெர்ட்சிலும், அகலம் 41-இலும், உயரம் 52-இலும் ஒத்ததிர்வைத் தூண்டும். அந்தச் சுரங்கள் ஓரிடத்தில் மிதமிஞ்சியும், சில அடி தள்ளி அடியோடு இல்லாமலும் கேட்கும். இருக்கையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் முதல் வேலையாக அதை முன்னே இழுத்துப் போடுங்கள். பிறகு ஸ்பீக்கரை மூலையிலிருந்து விலக்குங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்த இரண்டும், இலட்ச ரூபாய் ஆம்ப் தராத மாற்றத்தைத் தரும்.

அறை இப்படிக் குறுக்கிடும் என்றால் ஸ்பீக்கரை மட்டும் தனியாக எப்படி அளக்கிறீர்கள்?

பெரிய நிறுவனங்களில் எதிரொலியற்ற அறை இருக்கிறது. ஜெர்மனியின் கிளிப்பல் நிறுவனம் செய்த, ஸ்பீக்கரைச் சுற்றி மைக்கைத் தானே நகர்த்தி அறையின் பங்கைக் கணக்கால் நீக்கும் இயந்திரமும் இருக்கிறது. இங்கே நமக்கு இருப்பது மிளகாய் காயவைக்கும் உலர்களம். முண்டு மிளகாய் விளையும் ஊர்களில் சிமெண்டு பூசிய அகலமான களம் உண்டு; சுற்றிலும் பல மீட்டர் தொலைவுக்குச் சுவர் கிடையாது. ஸ்பீக்கரைத் தரையில் வைத்துச் சற்றே முன்பக்கம் சாய்த்து, 2 மீட்டர் தள்ளி மைக்கைத் தரையோடு தரையாகக் கிடத்தினால், தரையில் பட்டு வரும் ஒலியும் நேரே வரும் ஒலியும் ஒரே நேரத்தில் சேர்ந்து 6 டெசிபல் கூடும். தொலைவு இரட்டித்ததால் 6 டெசிபல் குறையும். இரண்டும் சரிக்குச் சரியாகி, வெட்டவெளியில் 1 மீட்டரில் அளந்த அளவு கிடைத்துவிடுகிறது. கீழ்ச்சுரங்களுக்கு இதைவிட நம்பகமான வழி வீட்டுக்குள் இல்லை.

காற்றுதான் பகை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மைக்கின் மேல் பஞ்சு உறை போட்டாலும் 50 ஹெர்ட்சுக்குக் கீழே எதையும் நம்ப முடியாது. வாடை தொடங்கும் முன்னே, விடியலுக்குச் சற்று முன் காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் களத்துக்குப் போகிறேன்.

வீட்டிலேயே நாங்கள் அளக்க முடியுமா?

முடியும். யூஎஸ்பி வழியே கணினியில் இணையும் அளவீட்டு மைக் ஒன்றும், அந்த மைக்குக்கு மட்டும் உரிய திருத்தக் கோப்பும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ (REW) என்ற ஒலி அளவீட்டு மென்பொருளும் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், இருக்கையில் காது இருக்கும் உயரத்தில் மைக்கை வையுங்கள், 20 ஹெர்ட்சிலிருந்து 20,000 வரை ஏறிச் செல்லும் ஒலியை ஓட விடுங்கள். கைப்பேசிச் செயலிகள் இரைச்சல் அளவை ஏறக்குறையச் சொல்லும். பாஸ் அளவுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

இரண்டு கருவிகளுக்கு இடையே உண்மையாகவே வேறுபாடு கேட்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் ஸ்பீக்கர் முனையில் வோல்ட்மீட்டர் வைத்து இரண்டின் அளவையும் 0.1 டெசிபலுக்குள், அதாவது சுமார் 1 சதவீத வேறுபாட்டுக்குள், சமன் செய்ய வேண்டும். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் இது முதலாவதா இரண்டாவதா என்று சொல்ல வேண்டும். 12 முறையாவது சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு; வேறுபாடு கேட்கிறது என்று ஏற்கலாம். 9 அல்லது 10 என்றால் ஒன்றும் நிறுவப்படவில்லை. ஸ்பீக்கர்களுக்கு இடையே இந்தத் தேர்வில் எல்லோரும் எளிதாக வெல்கிறார்கள். நல்ல டாக்குகளுக்கு இடையே வென்றவரை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஸ்பீக்கர் வயருக்கு எவ்வளவு செலவிடலாம்?

2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 5 மீட்டர் நீளத்துக்கு, போக வர, 0.07 ஓம் தடை தருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். நம் கரையில் வயரின் விலையை விட அதன் முனைக்கே கவனம் வேண்டும்.

உப்புக்காற்று ஒலிக்கருவியை என்ன செய்யும்?

மற்ற மதிப்புரைகள் விட்டுவிடுவது இதைத்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்கத் தேர்ந்த இடம் மண்டபம். அந்தக் காற்றில்தான் நாம் ஆம்ப் வைத்திருக்கிறோம். காற்றில் வரும் உப்புத்துகள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் இரவுகளில் அந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. பகலில் உலர்ந்த தூசியாகத் தெரிவது இரவில் உப்புநீர்ப் படலமாகிச் செம்பில் பச்சைக் களிம்பையும் இரும்புத் திருகில் துருவையும் உண்டாக்குகிறது.

அளவீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பாகவும், இடது வலது அளவு ஒவ்வாமலும், ரிலே (ஆம்பின் உள்ளே உள்ள மின் சுவிட்ச்) வழியே செல்லும் ஒலியில் திரிபு மெல்ல ஏறுவதாகவும் தெரியும். பிளக்கை வெளியே இழுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துச் செருகிய பின் மறுபடி அளந்தால் பல நேரம் பழைய எண் திரும்பிவிடும். நிக்கல் அடித்தளத்தின் மேல் தடிப்பாகத் தங்கமுலாம் பூசிய சாக்கெட் இங்கே ஆடம்பரம் அன்று. முலாம் மெலிதாக இருந்தால் நுண்துளை வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கும். பயன்படுத்தாத சாக்கெட்டுகளுக்கு மூடி போடுங்கள். கேட்காத நாட்களில் ஜன்னலை மூடி, கருவியின் மேல் பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். கருவியை நாள்தோறும் சிறிது நேரம் ஓட விடுவதும் நல்லது. உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும்.

இந்தக் காரணத்தால் என் மதிப்புரைகளில் முதல் அளவீட்டோடு நிறுத்துவதில்லை. கருவி இங்கேயே ஓராண்டு இருந்த பிறகு அதே அளவீட்டை மறுபடி எடுத்து இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். புதிதில் 110 டெசிபல் காட்டுவதை விட, ஓராண்டுக்குப் பின்னும் முதலில் காட்டிய எண்ணிலேயே நிற்பதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

எந்த இசையைப் போட்டுக் கேட்டு மதிப்பிடுகிறீர்கள்?

நாகசுரமும் தவிலும் கட்டாயம் உண்டு. நாகசுரத்தின் மேற்சுரங்கள் அடர்த்தியானவை. ட்வீட்டரும் வூஃபரும் சந்திக்கும் இடத்தில் குறை இருந்தால் குரல் உடனே கூசும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை என்னும் கறுப்பு வட்டம், தோலின் மேற்சுரங்களைச் சுருதிக்கு இசைவாக வரிசைப்படுத்துகிறது என்று சி.வி. இராமன் 1920-இல் எழுதினார். அறையின் முழக்கம் மிகுந்தால் அந்த வரிசை குழம்பி, அடி அடியாகக் கேட்க வேண்டியது மொத்தையாகக் கேட்கும். ஃபக்கீர்களின் தப்ஸ் என்னும் கைப்பறையின் ஒலிப்பதிவு ஒன்றும் வைத்திருக்கிறேன். கூர்மையான அடிக்கு ஸ்பீக்கர் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை அது காட்டிவிடும்.

கடைக்காரர்கள் கொடுக்கும் கருவிகளை மதிப்பிடுகிறீர்களா?

ஆம். யாரிடமிருந்து வந்தது, திருப்பித் தந்தேனா என்பதை மதிப்புரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். அளவீட்டை முன்கூட்டியே அவர்களுக்குக் காட்டுவேன். பழுதான உருப்படி என்று அவர்கள் கருதினால் இன்னொன்றைத் தரலாம், அதையும் அளந்து இரண்டையும் வெளியிடுவேன். எண்ணை மாற்றச் சொன்னால் மாற்றுவதில்லை.

பழைய ஸ்பீக்கர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முன்வலையைக் கழற்றி, வூஃபரின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் மாவாகிவிடும். விரலில் ஒட்டினால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். முடிந்தால் இரண்டு ஸ்பீக்கர்களின் இம்பீடன்ஸ் கோட்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே வயதுடைய இணை என்றால் கீழ்ச்சுரத்து முனை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வர வேண்டும். ஒன்றில் 42 ஹெர்ட்ஸ், மற்றதில் 55 என்று விலகி நின்றால், ஒன்றின் விளிம்போ உள்சுற்றோ மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது ஒன்றின் விளிம்பு இறுகிவிட்டது. அப்படிப்பட்ட இணையை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.